தாய்வீட்டைக் காத்த ரேணி கிராமத்துப் பெண்கள்



தலைநகரில் வாழும் நம்மவர்களில் பலருக்கு, குறிப்பாகக் கிழக்கு தில்லியிலும் தெற்கு தில்லியிலும் குடியிருப்பவர்களுக்கு, வீட்டுக் குழாயில் வருவது கங்கை நீர். ஹரித்வாரில் 1854-இல் திறக்கப்பட்ட மேல் கங்கைக் கால்வாய் வழியே முராத்நகர் வந்து, அங்கிருந்து பெரிய குழாய்களில் சோனியா விஹார், பாகீரதி என்னும் இரண்டு சுத்திகரிப்பு நிலையங்களை அடைந்து, பிறகு நம் சமையலறைக்கு வருகிறது. தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்த பின்தான் அந்த ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். ஆகவே அலக்நந்தாவின் கரையில் ஒரு மலை சரிந்தால், அது நமக்கும் தொடர்புள்ள செய்தியே.

அந்த அலக்நந்தா பள்ளத்தாக்கில், தங்கள் காட்டைக் கோடரியிலிருந்து காத்த பெண்களைப் பற்றியது இம்மாதப் பாடம். 'சிப்கோ' என்ற சொல்லை நம் பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். ஹிந்தியில் 'சிபக்னா' என்றால் ஒட்டிக்கொள்வது. மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டவிடாமல் தடுப்பது என்று ஒரே வரியில் பரீட்சை எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கணக்கு இருக்கிறது. ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் என் துறைக்கும் பங்கு உண்டு என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தண்டவாளமும் காடும்

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையை ஸ்லீப்பர் என்கிறோம். இன்று அது கான்கிரீட்டால் ஆனது. ஒன்றின் எடை கால் டன்னுக்கு மேல். நான் டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்த 1980-களில் பல பகுதிகளில் மரக்கட்டைகள்தான் இருந்தன. மழைக்காலம் முடிந்ததும் கேங்மேன்கள் சுத்தியலால் ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கட்டை. 'தொப்' என்று சத்தம் வந்தால் உள்ளே உளுத்துவிட்டது என்று பொருள். சுண்ணாம்பால் குறி போட்டு மாற்றச் சொல்வோம்.

அகலப் பாதையில் ஒரு மரக்கட்டையின் அளவு 275 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 13 செ.மீ. கனம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 0.09 கன மீட்டர் மரம். ஒரு கிலோமீட்டருக்கு 1,540 கட்டைகள் என்பது நாங்கள் பின்பற்றிய ஓர் அளவு. அப்படியானால் ஒரு கிலோமீட்டர் பாதைக்குச் சுமார் 138 கன மீட்டர் அறுத்த மரம் வேண்டும். அறுக்கும்போது வீணாவது இதில் சேரவில்லை. அந்தக் கட்டைகளும் நிரந்தரம் அல்ல. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும்.

நம் நாட்டில் 1853-இல் பம்பாய்க்கும் தாணேக்கும் இடையே முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1860-இல் 1,400 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்த பாதை, 1910-இல் 51,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அக்காலத்தில் ஒரு மைலுக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் போட்டார்கள். குறைந்த கணக்கிலேயே ஐந்து கோடிக் கட்டைகளுக்கு மேல் வருகிறது. சில இடங்களில் இரும்புக் கட்டைகள் போட்டதைக் கழித்தாலும் கோடிக்கணக்கில்தான் நிற்கும். எல்லா மரமும் இதற்கு உதவாது. மருந்து ஏற்றாமலே மண்ணிலும் மழையிலும் தாங்குபவை தேக்கு, சால், தேவதாரு போன்ற சில மரங்களே. தேக்கு தென்னாட்டிலும் பர்மாவிலும் இருந்தது. தேவதாருவும் சாலும் இமயத்திலும் அதன் அடிவாரத்திலும் இருந்தன.

பாகீரதிக் கரையில் ஹர்சில் என்ற ஊரில் வில்சன் என்னும் ஆங்கிலேயர் 1850-களிலிருந்து டிஹ்ரி மன்னரிடம் காடுகளைக் குத்தகைக்கு எடுத்து, தேவதாருவை வெட்டி, ஆற்றிலேயே மிதக்கவிட்டு ஹரித்வாருக்குக் கொண்டுவந்தார். மரம் தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் அரசாங்கம் 1864-இல் வனத்துறையை ஏற்படுத்தியது. 1878-இல் வனச் சட்டம் வந்தது. காடு சர்க்கார் சொத்து ஆயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சுள்ளி பொறுக்கியவர்களும் ஆடு மேய்த்தவர்களும் ஒரே நாளில் அத்துமீறி நுழைகிறவர்கள் ஆனார்கள்.

பிறகு மருந்தேற்றும் தொழில்நுட்பம் வந்தது. கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றினால் மட்டமான மரமும் தாங்கும். பஞ்சாபில் டில்வான், உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே கிளட்டர்பக்கஞ்ச், அஸ்ஸாமில் நாஹர்கட்டியா, தெற்கே நம் பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோடு ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் நடந்தன. இதனால் மலையில் வளரும் சீர் பைன் மரத்துக்கும் கிராக்கி வந்துவிட்டது. பிசினுக்கும் கட்டைக்கும் ஏற்றது என்று வனத்துறை பைன் மரத்தை வளர்த்தது. மலைப் பெண்களுக்கு வேண்டிய ஓக் மரம், உள்ளூர்ப் பேச்சில் 'பாஞ்ச்', பின்தங்கிப் போயிற்று.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓக் இலை மாட்டுக்குத் தீனி. உதிர்ந்த சருகு வயலுக்கு உரம். அதன் அடியில் மண் பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்து ஊற்றாக மெல்ல விடுகிறது. பைன் ஊசி இலையை மாடு தின்னாது. கோடையில் அது தீப்பிடிக்கும். ஒரே மலைச்சரிவில் அரசாங்கம் கண்டது கட்டையும் பிசினும். பெண்கள் கண்டது பாலும் தண்ணீரும்.

1970 வெள்ளம் சொன்ன பாடம்

1962 சீனப் போருக்குப் பிறகு எல்லைப் பகுதியில் சாலைகள் வேகமாகப் போடப்பட்டன. சாலை வந்ததும் லாரி வந்தது. லாரி வந்ததும் அதுவரை எட்டாத காடுகளும் ஏலத்துக்கு வந்தன.

1970 ஜூலை 20 அன்று அலக்நந்தாவில் பெருவெள்ளம் வந்தது. பாலங்கள், பேருந்துகள், பேலாகூச்சி என்ற ஊர் எல்லாம் அடித்துச் செல்லப்பட்டன. வண்டல் வெகுதூரம் வந்து ஹரித்வார் அருகே கால்வாயை அடைத்தது. நிவாரணப் பணிக்குப் போனவர்களில் கோபேஷ்வரைச் சேர்ந்த சண்டி பிரசாத் பட் என்பவரும், அவர் 1964-இல் தொடங்கிய தசோலி கிராம ஸ்வராஜ்ய சங்கத் தொண்டர்களும் இருந்தார்கள். எங்கெல்லாம் மலைச்சரிவில் மரம் மொட்டையாக வெட்டப்பட்டிருந்ததோ, அங்கெல்லாம் சேதம் மிகுதி என்று அவர்கள் கண்டார்கள். கிராமத்துப் பெண்களும் அதையே சொன்னார்கள்.

1973-இல் ஒரு சிறு விஷயத்தில் பொறி விழுந்தது. ஏர், நுகத்தடி செய்ய 'அங்கு' என்று அங்கே அழைக்கும் ஆஷ் மரம் சில வேண்டும் என்று சங்கம் கேட்டது. வனத்துறை மறுத்துவிட்டது. அதே மரங்களை அலகாபாத்தைச் சேர்ந்த விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்றுக்கு ஒதுக்கியது. உழுகிறவனுக்கு இல்லாத மரம் டென்னிஸ் மட்டைக்கு உண்டு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஏப்ரல் 24 அன்று மண்டல் என்ற ஊரில் மக்கள் மேளம் கொட்டி ஊர்வலம் போனார்கள். வெட்ட வந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு கேதார்நாத் செல்லும் வழியில் உள்ள பாட்டா-ராம்பூர் காட்டிலும் அப்படியே நடந்தது.

ரேணி, 26-3-1974

ஜோஷிமட்டிலிருந்து நீதி கணவாய்க்குப் போகும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், ரிஷிகங்கா தௌலிகங்காவில் கலக்கும் இடத்தில் இருக்கிறது ரேணி. அங்கே வசிப்பவர்கள் போட்டியா இனத்தவர். திபெத்துடன் கம்பளி, உப்பு வியாபாரம் செய்து வந்தவர்கள். 1962-இல் எல்லை மூடப்பட்டதும் வியாபாரம் போயிற்று. மிஞ்சியது சிறு நிலமும் ஆடும் காடும்.

அந்தக் காட்டில் சுமார் 2,500 மரங்கள் 1974 தொடக்கத்தில் ஏலம் விடப்பட்டன. ஊரார் எதிர்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மார்ச் 26 அன்று, போருக்குப் பின் ராணுவத்துக்காக எடுத்துக்கொண்ட நிலங்களுக்கு நஷ்டஈடு தருகிறோம், சமோலிக்கு வாருங்கள் என்று ஊர் ஆண்களுக்கு அழைப்பு வந்தது. நெடுநாள் காத்திருந்த பணம். ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அதே சமயத்தில் கோபேஷ்வரில் சங்கத் தொண்டர்களை வன அதிகாரி ஒருவருடன் பேச்சுவார்த்தை என்று நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். ஊரில் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமே மீதி.

மரம் வெட்டும் ஆட்களை ஏற்றி வந்த பேருந்தின் திரைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. ரேணிக்குச் சற்று முன்பே இறங்கி, ஊருக்குள் வராமல் சுற்றுவழியாகக் காட்டுக்கு ஏறினார்கள். ஒரு சிறுமி பார்த்துவிட்டாள். ஓடிப்போய்க் கௌரா தேவியிடம் சொன்னாள்.

கௌரா தேவி 1925-இல் பக்கத்து ஊரான லாத்தாவில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் ரேணிக்கு வாழ்க்கைப்பட்டவர். இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்து, ஒரு மகனை வளர்த்து ஆளாக்கியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஊர் மகளிர் மங்கள தளத்தின் தலைவி. சேதி கேட்டதும் வீடு வீடாகக் கூப்பிட்டார். அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு, சிறுமிகள் உட்பட 27 பேர் கிளம்பினார்கள்.

காட்டில் ஆட்கள் சமையல் செய்துகொண்டிருந்தார்கள். பெண்கள் முதலில் சண்டை போடவில்லை. 'தம்பிகளா, இந்தக் காடு எங்கள் மாயிகா' என்ற பொருளில் பேசினார்கள். மாயிகா என்றால் தாய்வீடு. நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புகுந்த வீட்டில் என்ன குறை என்றாலும் போய் நிற்க ஓர் இடம் தாய்வீடு. கீரை, கிழங்கு, மூலிகை, விறகு, தீவனம் எல்லாம் தருவது காடு. மரம் போனால் மலை சரியும், வயல் போகும், வீடு போகும். சாப்பிட்டுவிட்டு எங்களோடு கீழே வாருங்கள், ஆண்கள் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள்.

சிலர் தயங்கினார்கள். சிலர் மிரட்டினார்கள். குடித்திருந்த ஒருவன் துப்பாக்கியை நீட்டினான் என்றும், கௌரா தேவி அவன் முன் மார்பைக் காட்டி, சுட்டுவிட்டு அப்புறம் எங்கள் தாய்வீட்டை வெட்டு என்ற கருத்தில் பேசினார் என்றும் சொல்வார்கள். ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். கீழே, சரிவில் அரிப்பு ஏற்பட்ட ஓர் இடத்தில் பாதையை இணைத்திருந்த சிமெண்ட் பலகையையும் பெண்கள் பெயர்த்துவிட்டார்கள். மேலே ஏற வழி இல்லை. இரவெல்லாம் அங்கேயே காவல் இருந்தார்கள். மறுநாள் ஆண்களும் தொண்டர்களும் திரும்பி வந்தபோது காடு அப்படியே நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண்களை ஊரைவிட்டு வெளியே அனுப்பியவர்கள், ஆண்கள் இல்லாவிட்டால் ஊரே இல்லை என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குத்தான் தவறியது.

பெண்கள் ஏன் முன்னே வந்தார்கள்?

பெண்களுக்கு இயல்பிலேயே இரக்கம் அதிகம், ஆகவே மரத்தைக் காத்தார்கள் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. வேலைப் பங்கீட்டைப் பாருங்கள். கர்வால் மலையில் வெளியூர் வேலை ஆண்களுக்கு; நிலம், மாடு, விறகு, தண்ணீர் பெண்களுக்கு. ராணுவத்திலும் தில்லி அலுவலகங்களிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்து மாதாமாதம் மணியார்டர் அனுப்பியவர்கள் அந்த ஊர் ஆண்கள். நம்மில் பலருடைய சக ஊழியர்களாகவும் அண்டை வீட்டாராகவும் இருக்கிறார்கள். நம்மைப் போலவே ஊரைவிட்டு வந்தவர்கள்.

பணம் மணியார்டரில் வரும். விறகு மணியார்டரில் வராது. காடு ஒரு மைல் பின்வாங்கினால் அவள் நடை இரண்டு மைல் கூடும். ஊற்று வற்றினால் அவள் குடம் காயும். சேதத்தை முதலில் உணர்பவர் யாரோ அவரே முதலில் எழுவார். ரயில் பாதையில் கோளாறு இருப்பது தினம் நடந்து பார்க்கும் கீமேனுக்கே முதலில் தெரியும். மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு அறிக்கை வந்த பிறகுதான் தெரியும். மலையில் அந்தக் கீமேன் வேலையைச் செய்தவர்கள் பெண்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு போராட்டம்

எதிரி எப்போதும் வெளியூர்க் காண்டிராக்டர் அல்ல. ஹேன்வல் பள்ளத்தாக்கில் அத்வானி என்னும் ஊரில் மரம் வெட்டும் காண்டிராக்ட் எடுத்தவர் ஊர்த் தலைவரே. எதிர்த்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர் மனைவி பச்னி தேவி. 1977 டிசம்பரில் பெண்கள் மரங்களுக்கு ராக்கி கட்டினார்கள். சகோதரனுக்குக் கட்டும் கயிறு. சமாதானம் பேச வந்த வன அதிகாரி முன் பட்டப்பகலில் லாந்தர் விளக்கை ஏற்றிப் பிடித்தார்கள். எதற்கு என்று கேட்டபோது, உங்களுக்கு வெளிச்சம் காட்டத்தான் என்ற கருத்தில் விடை வந்தது. 1978 பிப்ரவரியில் போலீசாரோடு வந்தவர்கள் ஒவ்வொரு மரத்தையும் பெண்கள் கட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு வெட்டாமலே திரும்பினார்கள்.

1980-இல் சமோலி மாவட்டத்து டுங்ரி-பைண்டோலியில் நடந்தது இன்னும் சிக்கலானது. ஊருக்கு அருகில் இருந்த ஓக் காட்டை அரசுப் பண்ணைக்குத் தருவதற்கு ஊர்ப் பஞ்சாயத்தில் இருந்த ஆண்கள் ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்குச் சாலை, மின்சாரம், பள்ளி, மருத்துவமனை வரும் என்று பேச்சு. இவை எதுவும் கெட்ட ஆசை அல்ல. ஆனால் காடு போனால் விறகுக்கு மைல் கணக்கில் நடக்கப்போவது யார் என்று பெண்களை யாரும் கேட்கவில்லை. பெண்கள் எதிர்த்தார்கள். மிரட்டல் வந்தும் பின்வாங்கவில்லை. காடு தப்பியது. அடுத்தபடி அவர்கள் கேட்டது: பஞ்சாயத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும்.

சாலை வேண்டாம் என்று அந்தப் பெண்கள் சொன்னதாகப் படிப்பது பிழை. விலையைச் சுமக்கப்போகிறவரைக் கேட்காமல் விலை பேசாதே என்றார்கள்.

கிடைத்ததும் கிடைக்காததும்

ரேணிக்குப் பிறகு உத்தரப் பிரதேச அரசு, தில்லியைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் வீரேந்திர குமார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. படிக்காத பெண்கள் சொன்னதையே அந்தக் குழுவும் சொன்னது. அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் சுமார் 1,200 சதுர கிலோமீட்டரில் பத்தாண்டுகளுக்கு வணிக ரீதியான வெட்டு நின்றது. தனியார் காண்டிராக்ட் முறைக்குப் பதிலாக வனக் கழகம் வந்தது. 1980-இல் பிரதமர் இந்திரா காந்தி தலையிட்டு, அம்மாநில மலைப்பகுதியில் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் பச்சை மரம் வெட்டுவதற்குப் பதினைந்து ஆண்டுத் தடை வந்தது. 1988 தேசிய வனக் கொள்கை, வருமானத்தைவிடச் சூழல் சமநிலையே முதன்மையானது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. சண்டி பிரசாத் பட்டுக்கு 1982-இல் மகசேசே விருது கிடைத்தது. சிப்கோ இயக்கத்துக்கு 1987-இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. டிஹ்ரிப் பகுதியில் சுந்தர்லால் பகுகுணா இந்தச் செய்தியைக் கால்நடையாகவே மலை முழுதும் கொண்டு சென்றார். தசோலிச் சங்கம் நடத்திய முகாம்களில் பெண்கள் கன்று நட்டு, கல்லால் சுவர் வைத்துக் காத்து வளர்த்தார்கள். இவை கிடைத்தவை.

கிடைக்காதவையும் உண்டு. 1982-இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. உள்ளே போவதும் மேய்ப்பதும் மூலிகை எடுப்பதும் நின்றன. மலையேறுபவர்களுக்குச் சுமை தூக்கிப் பிழைத்தவர்களின் வருமானமும் போயிற்று. எந்தக் காட்டைத் தாய்வீடு என்றார்களோ, அதன் கதவு அவர்களுக்கே சாத்தப்பட்டது. காட்டைக் காப்பது என்றால் காட்டோடு வாழ்பவர்களை வெளியேற்றுவது என்று அரசாங்கம் புரிந்துகொண்டுவிட்டது. கௌரா தேவி 1991-இல் மறைந்தார்.

பிறகு, ரேணிக்குக் கீழே ரிஷிகங்காவில் 13.2 மெகாவாட் நீர்மின் திட்டம் எழுந்தது. வெடிவைப்பதாலும் கல்லெடுப்பதாலும் ஊருக்கு ஆபத்து என்று ரேணிக்காரர் ஒருவர் 2019-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் வரை போனார்.

2021 பிப்ரவரி 7

அன்று காலை, ரோந்தி சிகரத்தின் சரிவில் சுமார் 5,500 மீட்டர் உயரத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியுமாக ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை. சேறும் நீருமாக ரிஷிகங்காவில் இறங்கி, மின் நிலையத்தைத் துடைத்தெறிந்து, கீழே தபோவனில் கட்டிக்கொண்டிருந்த 520 மெகாவாட் திட்டத்தின் சுரங்கத்திலும் புகுந்தது. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். பெரும்பாலோர் வேலைக்கு வந்த தொழிலாளர்கள். ரேணிப் பெண்கள் மீண்டும் ஓர் இரவு மலை மேல் கழித்தார்கள், இம்முறை உயிருக்குப் பயந்து.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காடு இருந்திருந்தால் இது நடந்திராது என்று சொன்னால் அது உண்மையாகாது. மரத்தின் வேர் மேல் மண்ணைப் பிடிக்கும், சிறு சரிவுகளைத் தடுக்கும், மழைநீரை மெதுவாக்கும். பனிமலைக்கு மேலே பாறை பிளந்து விழுவதை எந்த மரமும் தடுக்காது. இமயத்தில் வெப்பம் கூடுகிறது. பனியாறுகள் சுருங்குகின்றன. பாறை இடுக்குகளைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் பனி இளகினால் இத்தகைய சரிவுகளுக்கு வாய்ப்பு கூடும் என்று புவியியல் அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். ஆனால் ஆபத்தின் பாதையில் எதைக் கட்டினோம், எத்தனை பேரை நிறுத்தினோம் என்பது நம் கையில் இருந்த விஷயம். அந்த இடத்தைப் பற்றி ஊரார் கவலைப்பட்டது 2019-இலேயே பதிவாகியிருந்தது.

ஜோஷிமட் நகரம் பழைய சரிவு மண்ணின் மேல் நிற்கிறது, கனமான கட்டடம் கூடாது, மரம் வெட்டக் கூடாது, சரிவின் அடியிலுள்ள பாறைகளைப் பெயர்க்கக் கூடாது என்று மிஸ்ரா குழு 1976-இலேயே சொன்னது. 2023 ஜனவரியில் அந்நகரின் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டன. ரிஷிகேஷ் – கர்ணபிரயாக் ரயில் பாதை 125 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி சுரங்கம். ரயில் வேண்டும் என்பதே என் கட்சியும். வெட்டிய பாறைத் தூளை எங்கே கொட்டுவது, எந்த ஊற்று எங்கே திரும்பும் என்பதை அந்தந்த ஊர்ப் பெண்களிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டால் எஞ்சினியருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. லாபமே உண்டு.

2021 பிப்ரவரி நடுவில் தில்லிக்கு வந்த கங்கை நீரில் கலங்கல் மிகுந்து, சோனியா விஹார், பாகீரதி நிலையங்கள் முழு அளவில் இயங்க முடியவில்லை. பல காலனிகளில் தண்ணீர் குறைந்தது. ரேணி மண்ணே நம் குழாய் வரை வந்தது என்று சொல்லலாம்.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது

நம் சங்கக் குடும்பங்கள் மலையில் போய் மரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நம் குடியிருப்பிலேயே தண்ணீர் டாங்கர் எப்போது வரும், மோட்டார் எப்போது போட வேண்டும், எந்தக் குழாயில் கசிவு, குப்பை எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்கும், வேலைக்கு வரும் பெண்களுக்கும் அத்துப்படி. குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலோ நாற்காலியில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மழைநீர்த் தொட்டி எங்கே தோண்டுவது, பார்க்கிங்குக்காக எந்த வேப்பமரத்தை எடுப்பது என்ற தீர்மானங்களுக்கு முன், டுங்ரி-பைண்டோலிக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இதன் விலையைச் சுமக்கப்போவது யார்? அவரைக் கேட்டோமா?

இளைஞர்களுக்கான பயிற்சி

1. வரைபடத்தை எடுத்து ரேணி, ஜோஷிமட், கர்ணபிரயாகை, தேவப்பிரயாகை, ஹரித்வார், முராத்நகர், சோனியா விஹார் ஆகிய இடங்களைக் கோடிட்டு இணைக்கவும். உங்கள் வீட்டுக்கு யமுனை நீரா, கங்கை நீரா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதவும்.

2. மேலே கொடுத்த அளவின்படி 50 கிலோமீட்டர் அகலப் பாதைக்கு எத்தனை மரக்கட்டைகள், எத்தனை கன மீட்டர் மரம் வேண்டும்? கட்டைகளை 15 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் 60 ஆண்டுகளில் மொத்தம் எவ்வளவு ஆகும்?

3. ஓக், பைன் இரண்டில் எது நல்ல மரம்? ஒரு காண்டிராக்டர் என்ன விடை சொல்வார், கௌரா தேவி என்ன விடை சொல்வார் என்று தனித்தனியே ஐந்து வரி எழுதவும்.

4. ஊரில் இருக்கும் பாட்டிக்குத் தொலைபேசியில் பேசி, அவர் சிறு வயதில் தண்ணீரும் விறகும் எங்கிருந்து கொண்டுவந்தார், அந்தக் குளமும் தோப்பும் இன்று என்ன ஆயின என்று கேட்டு எழுதவும். விடைகளைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த மாதக் கூட்டத்தில் சேர்ந்து படிக்கலாம். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. தமிழில் எழுத வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.